கொமிட்மென்ட் என்றால் தமிழில் என்ன? ஒரு படிவம் என்னைப் படுத்தும் பாடு

வெள்ளவத்தைப் பூனை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல் இரண்டு நாளாக என் தலையைத் தின்கிறது.

நான் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். தமிழ் தெரியும் என்ற ஒரே பாவத்துக்காக மொழிபெயர்ப்பு எல்லாம் என் மேசைக்குத்தான் வந்து விழும். போன மாதம் ஊழியர்கள் நிரப்ப ஒரு படிவம் வந்தது, ஆங்கிலத்தில் நான்கு பக்கம், சிங்களத்திலும் தமிழிலும் போட வேண்டும். அதில் கொமிட்மென்ட் நான்கு இடத்தில் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. நான்கு இடத்திலும் 'அர்ப்பணிப்பு' என்று அடித்துவிட்டு ஐந்து மணிக்கு 100 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது மூன்றாம் பக்கத்தில் 'உங்கள் மாதாந்த நிதி அர்ப்பணிப்புகள் யாவை?' என்று ஒரு கேள்வி அச்சாகி நிற்கிறது. ஊழியர் கடன் கொடுப்பதற்காகக் கேட்கிற கேள்வி அது, யாருக்கு மாதம் எவ்வளவு தவணை போகிறது என்று தெரிய வேண்டும். பாதிப் பேர் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒரு பெடியன் 'முழுமையாக' என்று எழுதியிருந்தான். இருபத்தைந்து வருடமாக எங்களோடு இருக்கும் பியோன் ஐயா மட்டும் முத்து முத்தான எழுத்தில், 'கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், செவ்வாய்தோறும் மெழுகுதிரி, மாதம் 800 ரூபா' என்று எழுதித் தந்திருக்கிறார். முகாமையாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார், அப்போது சிரிக்கவில்லை.

அந்த நான்கு இடமும் இவைதான். வேலையில் கொமிட்மென்ட் எப்படி என்று மேலதிகாரி புள்ளி போடும் இடம் ஒன்று. மேலே சொன்ன காசு விஷயம் இரண்டாவது. சனிக்கிழமை வேலைக்கு வர முடியாதபடி வேறு கொமிட்மென்ட் உண்டா என்பது மூன்றாவது. கடைசியில், கம்பனி தன் ஊழியர் நலனில் கொமிட்டட் என்ற வழக்கமான வசனம். சிங்களம் போட்ட நங்கி தப்பித்துவிட்டா, ஓரிடத்தில் 'கெபவீம' (அர்ப்பணிப்பு), இன்னோரிடத்தில் 'பெந்தீம' (பிணைப்பு) என்று பிரித்துப் போட்டிருக்கிறா. அகராதியைத் திறந்தால் பொறுப்பு, கடப்பாடு, ஈடுபாடு, வாக்கு, உறுதிப்பாடு, ஒப்படைப்பு என்று வரிசையாக நிற்கின்றன, எது எங்கே போகும் என்று அகராதி சொல்வதில்லை. திருத்திய படிவம் வெள்ளிக்கிழமை போக வேண்டும். உதவி செய்யுங்கள்.

பேரேட்டுக் கிழவன் எழுதியது:

பிள்ளை, நான் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதி ஓய்ந்தவன். காசு விஷயத்தில் அர்ப்பணிப்பு போட்டதற்கு உம்மை ஏசத்தான் வேண்டும், ஆனால் அந்தோனியார் கதையைப் படித்துச் சிரித்ததில் கோபம் போய்விட்டது.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். கணக்கில் கொமிட்மென்ட் என்பது இன்னும் கடன் ஆகவில்லை, ஆகப்போகிறது. ஒரு கம்பனி 4 கோடி ரூபாவுக்கு இயந்திரம் வாங்க டிசம்பரில் கையெழுத்துப் போடுகிறது, இயந்திரம் கப்பலில் வருவது ஜூனில் என்று வைத்துக்கொள்ளும். மார்ச் 31 இல் கணக்கை முடிக்கும்போது ஐந்தொகையில் அந்த 4 கோடி இருக்காது. பொருள் வரவில்லை, கொடுக்க வேண்டிய கடனும் பிறக்கவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியாது. எல்.கே.ஏ.எஸ். 16, அதாவது ஆதனம், பொறி, உபகரணம் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமம், இப்படி வாங்குவதாக ஒப்பந்தம் செய்த தொகையைக் குறிப்பில் காட்டச் சொல்கிறது. ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் 'மூலதனக் கடப்பாடுகள்' என்று ஒரு சின்னக் குறிப்பு வருமே, அதுதான். யாரும் படிக்காத பக்கம், நான் முதலில் திருப்புகிற பக்கம். அடுத்த வருடம் இவன் காசுக்கு எங்கே ஓடப்போகிறான் என்று அங்கேதான் தெரியும்.

வங்கிக்குப் போனால் இந்தச் சொல் இரண்டு பக்கமும் வெட்டும். உமக்கு 50 இலட்சம் வீட்டுக் கடன் அனுமதித்து, சுவர் எழும்ப எழும்பக் காசு தருகிறார்கள். நீர் 20 எடுத்துவிட்டீர். மிச்சம் 30 இலட்சம் வங்கியின் கொமிட்மென்ட், உமக்குத் தருவதாக அவர்கள் ஏற்றுக்கொண்டது. பெரிய கம்பனிகளுக்குக் கொடுக்கிற கடன்களில், இப்படி எடுக்காமல் கிடக்கிற தொகைக்கே ஒரு கட்டணமும் அறவிடுவார்கள். அதே அதிகாரி உம்முடைய சம்பளத் துண்டைப் பார்த்துக்கொண்டு "வேற கொமிட்மென்ட் ஏதும் இருக்கா மிஸ்?" என்று கேட்டால் அது உம்முடைய தவணை. இன்னும் பெரிதாக வேண்டுமா? 2023 மார்ச் 20 இல் சர்வதேச நாணய நிதியம் எங்களுக்கு ஏறத்தாழ 300 கோடி டொலரை 48 மாதத் திட்டமாக அனுமதித்தது. அவர்களுடைய புத்தகத்தில் கொமிட்மென்ட் என்றால் அந்த முழுத் தொகை, முதலில் கைக்கு வந்தது 33 கோடி டொலர் சொச்சம். இங்கே இரவுச் செய்தியில் 'நாணய நிதியத்துக்கு அளித்த கடப்பாடுகள்' என்றால் நாங்கள் செய்கிறோம் என்று தலையாட்டியவை, அதாவது வரி, மின்கட்டணம் இத்தியாதி.

ஆகவே உம்முடைய படிவத்தில் நாகரிகமான சொல் தேடி அலைய வேண்டாம். 'மாதாந்தம் கட்ட வேண்டிய தவணைகள், நீங்கள் பிணை நின்ற கடன்கள்' என்று நேராகக் கேளும். பிணையை விட்டுவிடாதேயும். நான் ஒரு சிநேகிதனுக்கு முச்சக்கர வண்டி லீசிங்குக்குப் பிணை நின்றேன், ஐந்து சதம் வாங்கவில்லை, ஒரு பிளேன்ரீகூட வாங்கித் தரவில்லை. மூன்று வருடம் கழித்து மகளின் வீட்டுக் கடனுக்காகப் போனபோது கிறிப் அறிக்கையில், அதாவது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அந்த வண்டி என் பெயருக்குக் கீழே நின்றது, நான்கு தவணை பிந்தி. அந்தப் பணியகத்துக்கு 1990 இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அது எதையும் மறக்காது. நான் மறந்திருந்தேன்.

இரவு நிரல் எழுதியது:

எங்கள் மென்பொருள் துறையில் இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்கிறோம், ஆனால் இங்கே அதற்கு ஈடுபாடும் இல்லை, காசும் இல்லை. தரவுத்தளத்தில் கொமிட் என்றால் முடித்துப் பூட்டுவது. உங்கள் கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்கு 10,000 ரூபா அனுப்புகிறீர்கள், உங்களிடம் கழிக்க வேண்டும், அங்கே கூட்ட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் கொமிட். கழித்த பிறகு மின்சாரம் போனால் கழித்ததையும் திருப்பிவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி. கொமிட் ஆனபிறகு அந்தத் 'திருப்பி' இல்லை, வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள், வாழ்த்துகள்.

நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் இது வேறு மாதிரி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் எழுதிய நாள் முதல் அதில் கொமிட் என்பது ஒரு படிக்கல் மாதிரி, இந்த நிமிடம் நிரல் இப்படி இருந்தது என்று உங்கள் கணினியில் பதிவது. எல்லாருக்கும் பொதுவான சேவையகத்துக்குத் தள்ளாத வரை மாற்றலாம், மறைக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம். புதிதாக வந்த பெடியன்கள் "கொமிட் பண்ணிட்டேன் அண்ணா" என்பார்கள், பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது, அவனுடைய மடிக்கணினியிலேயே பத்திரமாக இருக்கும்.

கொமிட் பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளேயே வைத்துக்கொள்கிற பழக்கம் கணினிக்கு வெளியேயும் நிறையப் பேருக்கு உண்டு என்று என் மனைவி பின்னால் நின்று சொல்கிறா.

மாப்பிள்ளை ஆகாதவன் எழுதியது:

எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். லண்டன் மாமி வாட்ஸப்பில் "தம்பி, நீ சிங்கிளா கொமிட்டடா?" என்று கேட்பா. இரண்டுக்கும் தமிழ் கேட்டால் முதலாவதற்கு 'நிம்மதி'. இரண்டாவதற்கு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள்.

ஆனால் பகிடி இல்லை, போன வருடம் பேசி வந்த ஒரு சம்பந்தத்தில் பெண்ணின் தகப்பன் "பெடியனுக்கு கொமிட்மென்ட் ஒன்றும் இல்லைத்தானே?" என்று கேட்டார். அம்மா, மகன் யாரையும் காதலிக்கிறானோ என்று கேட்கிறார் என்று நினைத்து "ஐயோ, ஒன்றுமே இல்லை" என்று சத்தியம் பண்ணினா. அவர் கேட்டது கல்யாணம் ஆகாத இரண்டு தங்கச்சிமாரையும் அம்மாவையும். அவர் வேண்டாம் என்ற கொமிட்மென்டே அம்மாதான்.

செட்டியார் தெரு எழுதியது:

மேலே தம்பி சொன்னதற்கு நம் சனங்களிடம் எப்போதோ சொல் இருக்கிறது, 'பிக்கல் பிடுங்கல்'. பிக்கல் பிடுங்கல் இல்லாத மாப்பிள்ளை என்று தரகர் சொன்னால் அர்த்தம் அதுதான்.

இரவு நிரல் சொன்ன தரவுத்தளக் கதை எனக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் அது எங்கள் நகைக்கடையில் நடக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்கத்தில் கலியாணத்துக்கு முன்னம் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள், தாலிக்கான பொன் நாணயத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே ஆசாரி உருக்குவார். நாணயத்தை எல்லாரும் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுவார்கள், அது வரைக்கும் அது வெறும் நாணயம், திருப்பிப் பெட்டிக்குள் வைக்கலாம், விற்கலாம். சிவந்து, ஓரம் மழுங்கி, ஒரு சொட்டாக உருண்டு நிற்கும்போது பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கூடத்தில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். போன் அடித்தால்கூட எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கதைத்தாலே குறை சொல்வார்கள். முப்பது வருடத்தில் எங்கள் கண்ணுக்கு முன்னால் நிச்சயம் பண்ணி முறிந்தது எத்தனையோ, முற்பணம் கொடுத்து முறிந்ததும் உண்டு, பொன்னுருக்கி முறிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொன்னை ஒருவரும் திருப்பி வாங்க வரவில்லை. அப்பா அதைக் கடைசி வரைக்கும் தனியாக ஒரு கடதாசியில் சுற்றி வைத்திருந்தார்.

புதுக்கடைக் கறுப்புக் கோட் எழுதியது:

சட்டத்தரணிகளை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பற்றிக் கதைக்கிறீர்களே. ஆங்கிலத்தில் ஒருவன் குற்றத்தையும் கொமிட் பண்ணுவான், அதற்காக அவனைச் சிறைக்கும் கொமிட் பண்ணுவார்கள், நீதவான் அந்த வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் அதற்கும் அதே வினைதான். தமிழில் குற்றம் புரிந்தான், சிறையில் இட்டார்கள், வழக்கை அனுப்பினார்கள் என்று மூன்றும் மூன்று சொல். இதில் நாங்கள் கெட்டிக்காரர்.

அடி எங்கே என்று பார்த்தால் லத்தீன். கொம் என்றால் சேர்த்து, மித்தெரே என்றால் அனுப்பு, விடு. ஒன்றை இன்னொருவர் கையில் விடுவதுதான் முதல் அர்த்தம். மிஷன், பெர்மிட், ப்ரொமிஸ் எல்லாம் அந்த 'மித்தெரே' வீட்டுப் பிள்ளைகள்தான். கமிட்டியும் அதே. இன்றைக்குக் கமிட்டி என்றால் பத்துப் பேர் இருந்து வடையும் ரீயும் சாப்பிட்டுக் கலைவது, ஆனால் பழைய ஆங்கிலச் சட்டத்தில் கமிட்டி என்பது தனி ஆள், புத்தி சுவாதீனம் இல்லாத ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டதோ அவர். நோயாளியின் சம்மதம் இல்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே கொமிட்மென்ட்தான். எங்கள் நாட்டில் அதற்கான சட்டத்தை வெள்ளைக்காரன் 1873 இல் கொண்டுவந்தான். 'இவனை அங்கொடைக்கு அனுப்ப வேணும்' என்று, அதாவது அங்கே இருக்கும் மனநல மருத்துவமனைக்கு, கொழும்பில் பகிடிக்குச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், அப்படி அனுப்பப்பட்ட ஒருவரின் மகளுக்காக ஒரு காணி வழக்கில் தோன்றிய பிறகு சொல்வதில்லை.

கொட்டாஞ்சேனை ரீச்சர் எழுதியது:

கறுப்புக் கோட் தம்பி லத்தீனுக்குப் போய்த் தேடியது இங்கேயே கிடக்கிறது. 'ஒப்பு' என்ற ஒரு சொல்லை எடுங்கள். ஒப்புக்கொண்டான் என்றால் சம்மதித்தான். ஒப்படைத்தான் என்றால் கையில் விட்டான். ஒப்பந்தம், கையொப்பம் இரண்டும் உங்கள் தொழில். ஒப்புவித்தான் என்றால் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி வைக்கிறோமே, அங்கே பாடமாக்கியதை வாத்தியார் கையில் திருப்பிக் கொடுக்கிறான் பிள்ளை. ஆங்கிலேயன் நினைவுக்குக் கொமிட் பண்ணுகிறான் என்பான், அவன் உள்ளே போடுவதைச் சொல்கிறான், நாங்கள் வெளியே எடுப்பதைச் சொல்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். வேதாகமத்தில் 37 ஆம் சங்கீதம், 'உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து' என்று வரும். ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் நிற்பது கொமிட்தான். நான் சைவம், ஆனால் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் படிப்பித்ததில் இது காதில் ஒட்டிவிட்டது.

பேரேட்டு ஐயாவோடு ஒரு சண்டை. கடப்பாடு என்ற நல்ல சொல்லை நீங்களும் வங்கிக்காரரும் சேர்ந்து கெடுத்துவிட்டீர்கள். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று தொடங்குகிறது 211 ஆம் குறள். மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்யும், ஒன்றும் எதிர்பார்க்காமல் செய்வதுதான் கடப்பாடு என்கிறார். அந்த அதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல், பாருங்கள் அங்கேயும் ஒப்பு. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் நூற்றுக்கு பதினாலு வட்டியோடு கட்டிவிட்டீர்கள்.

அறுபதுகளில் இந்தக் கொழும்பிலேயே எழுத்தாளனுக்கு கொமிட்மென்ட் வேண்டுமா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்கு என்று ஒரு பக்கம் நிற்க, எழுத்தாளர் எஸ்.பொ. நற்போக்கு என்று பிரிந்து போனார். அந்தக் காலத்துக் கட்டுரைகளில் 'சமுதாயப் பொறுப்பு' என்று எழுதுவார்கள். 'அர்ப்பணிப்பு' இவ்வளவு மலிவாகிப்போனது பிறகு, பிரியாவிடைப் பேச்சுக்களிலும் நினைவுமலர்களிலும்தான். ஒருவர் ஓய்வு பெற்றாலோ செத்தாலோ உடனே அர்ப்பணிப்பு வந்துவிடுகிறது. உயிரோடு வேலை செய்கிறவருக்கு 'ஈடுபாடு' போடுங்கள் மகள், போதும்.

பேரேட்டுக் கிழவன் எழுதியது:

ரீச்சர், பழி என் மேல் வேண்டாம். கணக்கீட்டில் 'பொறுப்பு', அதாவது கொடுக்க வேண்டிய கடன், என்பதற்கு வரைவிலக்கணம் கேட்டால் ஏ.எல். பிள்ளைகள் 'தற்போதைய கடப்பாடு' என்று தொடங்கித்தான் பாடமாக்குகிறார்கள், உங்கள் பள்ளிக்கூடத்திலேயே. ஆனால் வள்ளுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மழை தவணை கேட்காது.

வெள்ளவத்தைப் பூனை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சருக்கு இரண்டு நன்றி.

படிவம் இன்று காலை போய்விட்டது. புள்ளி போடுகிற இடத்தில் 'வேலையில் ஈடுபாடு'. காசு இடத்தில் பேரேட்டு ஐயா சொன்னபடியே தவணையும் பிணையும். சனிக்கிழமை இடத்தில் 'வேறு வேலையோ குடும்பப் பொறுப்போ உண்டா' என்று போட்டேன், ஒரு சொல்லுக்குப் பதிலாக ஐந்து சொல், முகாமையாளர் பெட்டிக்குள் எழுத்து அடங்கவில்லை என்றார், பெட்டியைப் பெரிதாக்குங்கள் என்றேன். கடைசி வசனத்துக்கு மட்டும் அர்ப்பணிப்பையே விட்டுவிட்டேன், கம்பனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, அதில் யாரும் கையெழுத்துப் போடப்போவதில்லை.

பியோன் ஐயாவிடம் புதுப் படிவத்தைக் கொடுத்து, "ஐயா, போன தரம் பிழை என்னுடையது. இது கடன் பற்றிய கேள்வி, அந்தோனியார் கணக்கு இங்கே வராது" என்றேன். கண்ணாடியைப் போட்டு, கேள்வியை மெதுவாக இரண்டு தரம் வாசித்தார். நகை அடகு ஒன்று, சீட்டு ஒன்று, மகனின் மோட்டார் சைக்கிளுக்குப் பிணை ஒன்று என்று வரிசையாக எழுதினார். அப்புறம் நான்காவது வரியில் மறுபடியும் கொச்சிக்கடை, 800 ரூபா.

"ஐயா, கடன் மட்டும்தான்."

"ஓம் பிள்ளை. நேர்த்திக்கடன்தானே?"

அழிக்கவில்லை, அப்படியே கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். மொத்தம் சரியாகக் கூட்டியிருந்தார், 800 உம் சேர்த்து.